மெழுகு தேய்க்காத ஏழு ஆணிகள்

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில் மூன்று கோடையாக ஒரு பழைய மரப்படகு கிடந்தது. ஆசைப்பட்டு வாங்கியவர் என் கணவர். வேலை செய்தது பெரும்பாலும் நான். எஞ்சின் பூட்டுகிற பின்பலகை உக்கிப்போயிருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டு எப்பொக்சிப் பசையால் புதுப்பலகை ஒட்டினால் படகு தயார்.

மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போகிற வாரம் அது. ஞாயிறு காலை பஸ். சனிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு ஏரியில் ஒரு சுற்றாவது வந்துவிட வேண்டும். இந்தக் கோடை, அடுத்த கோடை என்று மூன்று வருடம் அவளை ஏமாற்றியாயிற்று.

பசை காயும்வரை பலகையை இறுக்கிப் பிடிக்கப் பன்னிரண்டு திருகாணிகள் வேண்டும். காய்ந்ததும் கழற்றிவிடலாம். ஆனால் எப்பொக்சிக்கு மரம், இரும்பு என்ற பேதம் கிடையாது, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். அதனால் முடுக்குவதற்கு முன் ஆணிகளுக்கு மெழுகு தேய்க்க வேண்டும். பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும் வேலை.

வியாழன் பின்னேரம் பாதி எரிந்த மெழுகுதிரி ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒவ்வொரு ஆணிக்கும் உதை நல்லாத் தேய்ச்சுப்போட்டு முடுக்குங்கோ. ஒண்டும் விடக்கூடாது."

"ஓம், ஓம். எனக்குத் தெரியாதே?"

நான் பசையைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். குழைத்த பசை கோப்பையில் சூடேறத் தொடங்கினால் சடுதியில் இறுகிவிடும், தலை நிமிர நேரமிராது. அவர் முடுக்கிக்கொண்டே போனார். பன்னிரண்டும் முடிந்தது.

வெள்ளி மாலை வேலையால் வந்ததும் வராததுமாகக் கழற்றப் போனேன். முதல் ஐந்தும் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆறாவது அசையவில்லை. ஏழாவதும் அப்படித்தான். சோல்டரிங் அயனை ஆணித்தலையில் வைத்துச் சூடாக்கினால் பசை இளகும் என்று தெரிந்து அதையும் செய்தேன். நான்கு அப்படி வந்தன. மிச்சம் மூன்றின் தலை தேய்ந்து, திருகுவதற்குப் பிடியே இல்லாமல் போயிற்று. சுற்றிவரத் துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதுப்பலகையில் பெருவிரல் போகுமளவு மூன்று ஓட்டைகள்.

"இதுக்கெல்லாம் மெழுகு தேய்ச்சனீங்களே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அஞ்சாவதுக்குத் தேய்க்கேக்கைதான் திரியின்ர அடியில இருந்த சிலுவையைக் கண்டனான். அது பிள்ளையின்ர ஞானஸ்நான மெழுகுதிரியெல்லே? அதை எப்பிடி ஆணியில தேய்க்கிறது? கொண்டுபோய்ச் செபம் சொல்லுற இடத்தில சுரூபத்தடியில வைச்சிட்டன்."

"சொல்ல வாயில்லையே? குசினியில வேற திரி கிடந்ததெல்லே?"

"நீர் பேசுவீர் எண்டு..."

பேசுவேனாம்! பேசாமல் மடியில் வைத்துத் தாலாட்டுவேனா? அவருக்கு வந்த பக்தியில் பாதி புத்தியிலும் வந்திருக்கலாம்.

"அது எந்தத் திரியெண்டு தெரிஞ்சுதான் தந்தனான். அவள் ஏறப்போற படகு எண்டுதான் அதைத் தேடி எடுத்தனான்."

மகள் வாசலுக்கு வந்து, "அம்மா, இட்ஸ் ஓகே. நான் கிறிஸ்மஸுக்கு வருவன்தானே" என்றாள். கிறிஸ்மஸுக்கு உறைந்து கிடக்கிற ஏரியில் யார் படகு விடுகிறார்கள்? எனக்கு அவளிலும் கோபம் வந்தது.

ஓட்டைகளைப் பசையால் அடைத்தேன். அது இறுகக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் சனியும் இருட்டிவிடும். சரியாக இறுகாத பலகையில் எஞ்சினைத் தொங்கவிட்டுப் பிள்ளையை ஏற்ற எனக்கு விசரில்லை. சனிக்கிழமை முழுக்க நல்ல வெயில், காற்றுக்கூட இல்லை. ட்ரைவ்வேயில் நின்ற படகைப் பார்த்துப் பார்த்து அவளுடைய உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கினேன். ஞாயிறு காலை அவள் பஸ் ஏறினாள்.

மெழுகுதிரி இன்றைக்கும் சுரூபத்தடியில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைதான் வீட்டில் இல்லை.