கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

அந்தப் பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. வீட்டிலும், கோபம் வந்தால், கணவர் அப்படித்தான் கூப்பிடுவார். குறுகலான சந்தில் எதிரே லாரி வந்தாலும் பின்வாங்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி, "அண்ணே, நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, நான் போயிடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். லாரி ஒதுங்கிவிடும்.

அவளுடைய வண்டியின் கடைசி நிறுத்தம் ஏரிக்கரை. அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடிப்பாள். எதிரில் ஒரு பலகை: காட்டுக்குள் புகுந்து, மணல்மேட்டில் ஏறி, கரையோரமாகத் திரும்பி வரும் சுற்றுப்பாதை, எளிது, யாரும் நடக்கலாம். எத்தனையோ வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவள், அதைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை.

கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை நிறைய அச்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். "இந்த வீட்டுல என்னைத் தவிர எல்லாருக்கும் வாய் இருக்கு" என்பது அவருடைய பழைய நகைச்சுவை. போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், மனிதர் ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. மாடிப்படி என்றாலே முகம் வெளுத்துவிடும். பட்டறையில் தூசி படிந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், "நடக்கிறேன், நடக்கிறேன்" என்று உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

டிரைவரம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் விடுப்பு எடுத்து, அவருடைய காலணியைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

"எழுந்திருங்க. ஏரிக்குப் போறோம்."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல? வாங்க."

தன் வண்டியிலேயே பயணியாகப் போனாள். அன்று ஓட்டியவர் அவளோடு வேலை பார்க்கும் நரைமீசைக்காரர். ஒவ்வொரு வளைவிலும் அவள் தன்னையறியாமல் பிரேக்கை மிதிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அக்கா, அங்க பிரேக் இல்ல" என்றார். பஸ்ஸே சிரித்தது.

காட்டுக்குள் பாதை மெத்தென்று இருந்தது. ஊசியிலைகள் உதிர்ந்து கிடந்ததில் காலடி ஓசையே கேட்கவில்லை. கணவர் மரத்துக்கு மரம் நின்றார்; அவளும் நின்றாள். மரங்கள் முடிந்து மணல்மேடு தலைதூக்கியதும் அவர் கீழே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "இதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தாள். "கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டு நடுவுல இறங்கினா எனக்குப் பிடிக்காது, தெரியும்ல?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைப் பிடித்து எழுப்பினாள். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது காற்று முகத்தில் அறைந்தது; கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" சந்தோஷம் தாங்காமல் டிரைவரம்மா சரிவில் ஓட ஆரம்பித்தாள். பாதிச் சரிவில் மணலுக்குள் புதைந்திருந்த வேர் ஒன்று காலைப் பிடித்தது. உருண்டு கீழே போய் விழுந்தாள். கணுக்கால் பிசகி, பார்க்கப் பார்க்க வீங்கியது.

அவர் எப்படி இறங்கி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்து மண்டியிட்டார். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, அச்சில் மெழுகு வைக்கும் அதே நிதானத்தோடு கணுக்காலைச் சுற்றிக் கட்டினார். கரையில் ஒதுங்கியிருந்த கிளை ஒன்றை உடைத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

"நரைமீசைக்குப் போன் போடுங்க. யாராவது வந்து தூக்கட்டும்" என்றாள்.

"நிறுத்தம் அதோ தெரியுது. என் தோள்ல சாஞ்சுக்கோ."

"ஐயோ, உங்க நெஞ்சு..."

"அது அதும்பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருக்கு. நீ வாயை மூடிட்டு வா, டிரைவரம்மா."

காய்ந்த மணலில் இரண்டு பேரும் தடுமாறினார்கள். "தண்ணிப் பக்கமா போவோம். ஈரமா இருந்தாத்தான் கெட்டியா நிக்கும்" என்று அவர் வழியை மாற்றினார். அலை நக்கிப்போன மணல் தரைபோல இறுகியிருந்தது. "இப்ப வை... நில்லு... இப்ப வை" என்று அவர் சொல்லச் சொல்ல அவள் காலெடுத்து வைத்தாள். இன்னொருவர் ஓட்டத்தில் போவது அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் வலியையும் மீறி உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. பல மாதமாக அவரைத் தான் ஒருத்தியாகச் சுமந்து வந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. காற்றில் மணல் விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில், அவர்கள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்ட நரைமீசைக்காரர் கிளம்பாமல் காத்திருந்தார். "யார் யாரைக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டார். கணவர் அவளை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தார்.

எலும்பு முறியவில்லை, சில வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். ஜன்னலோரத்து நாற்காலி டிரைவரம்மாவுக்கு வந்தது. கணவர் பட்டறையைக் கூட்டித் துடைத்தார். வாரம் ஒருமுறை மேசையைத் துணியால் மூடிவிட்டு ஏரிக்குக் கிளம்பினார். முதல் தடவை தனியாகப் போனவர் மேட்டு உச்சியிலிருந்து போன் செய்தார். காற்றின் இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"மூச்சு வாங்குதா?" என்று பதறினாள்.

"வாங்குது! நல்லாவே வாங்குது!" என்று கத்தினார். "சரி, வை. இறங்கணும். நான் ஓட மாட்டேன், பயப்படாதே."