ஹெல்மெட்டில் ஓ, பையில் ஏ

அபுதாபி முசஃபாவில், தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம் ரத்தப் பிரிவை ஒட்டியிருப்பார்கள். ஸ்டோர் கீப்பரான எனக்கு நாற்பத்திரண்டு ஹெல்மெட்டும் மனப்பாடம். நான் ஓ பாசிடிவ். பக்கத்துக் கட்டில் வெல்டரும் அதே. "நமக்கு ஒரே ரத்தம் அண்ணாச்சி" என்பான். எனக்கு பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கி ஈறில் ரத்தம் கசிந்தபோது, லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தான்.

மஞ்சள் நிற பிளேட்லெட் பை ஏறத் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடம் உள்ளங்கை அரித்தது. பதினான்கில் மார்பெங்கும் தடிப்பு. பதினாறில் தொண்டை அடைத்து மூச்சு விசிலடித்தது. மலையாளி ஆண் நர்ஸ் ஓடிவந்து குழாயை மூடி, எனக்குப் போட அலர்ஜி ஊசியை எடுத்தார். அப்போதுதான் வெல்டர் பையின் லேபிளைப் படித்தான்.

"ஏ பாசிடிவ்னுல்லா போட்டிருக்கு! எங்க அண்ணாச்சி ஓ! கொன்னுட்டியேல!"

"பிளேட்லெட்டுக்கு அது குழப்பமில்லா. கை விடு அண்ணா, ஊசி போடணும்!"

"இன்னும் என்னத்தல ஏத்தப் போற?"

முதல் குத்து மூக்கில். நர்ஸின் ரத்தம் என் போர்வையில் தெறித்தது. இரண்டாவது பல்லில். பிறகு அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். என் ஊசி நர்ஸின் கையில், இரண்டு முழம் தள்ளி. கத்துவதற்குக் காற்றில்லை. எண்ணினேன். ஏழில் கண் இருண்டது. எட்டில், பை தொங்கிய இரும்பு ஸ்டாண்டை இரு கையாலும் பிடித்து அவன் தலைமேல் தள்ளினேன். அவன் சரிந்தான். நர்ஸ் வாயெல்லாம் ரத்தத்தோடு என் தொடையில் ஊசியைக் குத்தினார். மூச்சு திரும்பியது.

வெல்டருக்கு ஏழு தையல். "போலீஸ் வந்தா இவனை நாட்டுக்கு அனுப்பும், வேண்டா" என்றார் நர்ஸ். அதே பிரிவு கிடைக்காதபோது வேறு பிரிவு பிளேட்லெட்டும் கொடுப்பார்கள் என்றும், தடிப்பு வந்தது பிரிவால் அல்ல, கொடுத்தவரின் பிளாஸ்மாவிலுள்ள புரதத்தால் என்றும் டாக்டர் விளக்கினார். வெல்டர் நம்பவில்லை.

மறுநாள் ஓ பாசிடிவ் பையே வந்தது. முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தும் இருபதாவது நிமிடம் கையில் பதினொரு தடிப்புகள்.

"ஓ தான அண்ணாச்சி போட்டிருக்கு?"

"ஓ தான்."

மூக்கில் பஞ்சோடு வந்த நர்ஸ், ஊசியுடன் வாசலிலேயே நின்றார். வெல்டர் இரண்டு கைகளையும் தன் தொடைக்கடியில் கொடுத்து அழுத்தி உட்கார்ந்தான்.

"வாங்க," என்றான். "சீக்கிரம் போடுங்க."