தண்ணீர் நிற்காத தீர்த்தத் தொட்டி

என் பெயர் காளியன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் பாப்பாரப்பட்டிச் சந்தையில் நான் கொத்தி வைத்த உரலைத் தட்டிப் பார்த்துக் குறை சொன்ன ஆள் இன்னும் பிறக்கவில்லை. அப்படியிருந்தும் ஊர் என்னை உரல்காரன் என்றுதான் கூப்பிட்டது. கோவில் வேலை செய்தவன் என்று பெயர் எடுக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறை.

1938இல், பொம்மிடிப் பக்கத்து மாதா கோவில் உபதேசியார் சவுரியப்பன் தேடி வந்தார்.

"வாசல்ல வெக்க ஒரு தீர்த்தத் தொட்டி வேணுங்க. ஈஸ்டருக்குள்ள ஆவணும். உரலாட்டம் செஞ்சிடாதீங்க!"

"வந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றேன்.

எனக்குத் தெரியாத தீர்த்தமா? எங்கள் ஈசுவரன் கோவிலில் அபிஷேகத் தண்ணீர் கோமுகி வழியாக வெளியே விழும், கையேந்திக் குடிப்போம். அதேபோல் தொட்டிக் குழியின் அடிமட்டத்தில் துளை போட்டு, வெளியே ஒரு சிங்க முகம் கொத்தி, அதன் வாயில் தண்ணீர் விழ வழி செய்தேன். அப்படியொரு சிங்கம் இந்த வட்டாரத்தில் எவன் உளியிலும் பிறந்ததில்லை.

வண்டியில் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினோம். சவுரியப்பன் ஒரு குடம் ஊற்றினார். அவ்வளவும் தரைக்குப் போயிற்று.

"என்னாங்க இது, தண்ணி நிக்கவே இல்லியே!"

"ஏன் நிக்கணும்? குடிக்கறதுக்குத்தானே தீர்த்தம்?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்க குடிக்க மாட்டோங்க. உரல்காரரே, நீங்க ஒரு உரலையே குடுத்திருக்கலாம். தண்ணியாவது நின்னிருக்கும்!"

சுருக்கென்றது. "குடிக்காம பின்ன என்னதான் செய்வீங்க?"

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

போனேன். வாசலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் இருந்தது. வருகிறவர்கள் விரல் நுனியை மட்டும் நனைத்து, நெற்றி, மார்பு, இரண்டு தோள் என்று தொட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கிழவர் நனைத்த விரலைப் பின்னால் வந்தவரிடம் நீட்டினார். அவர் அதைத் தொட்டே சிலுவை போட்டுக்கொண்டார். ஊரே உள்ளே போன பிறகு எட்டிப் பார்த்தேன். சட்டித் தண்ணீர் குறைந்ததாகவே தெரியவில்லை. இது என்ன கணக்கு என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பங்குச் சாமியார், "துளையை ஈயத்தால் அடைத்துவிடலாமே" என்றார்.

"ஒட்டுப்போட்ட வேலைன்னு நாளைக்கி ஊரு சொல்லுமுங்க சாமி" என்றேன்.

துளைக்குக் கீழே குழியை இன்னும் நாலு விரல் ஆழமாக்குவது என்று முடிவு செய்தேன். கீழே கல் கொஞ்சம்தான் மிச்சம். ஓர் அடி தவறினால் தொட்டியும் போகும், என் பெயரும் போகும். ஒவ்வொரு அடிக்கும் காதைக் கல்லோடு ஒட்டிக் கேட்டேன். கடைசி அடிவரை வெண்கலம் போல ஒலித்தது. தண்ணீர் ஊற்றினோம். துளை மட்டம்வரை நின்றது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் சாமியார் புதுத் தீர்த்தம் மந்திரித்துத் தொட்டி நிறைய ஊற்றினார். மிஞ்சியது சிங்கத்தின் வாயால் வழிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக வந்த பெண்கள், தொட்டிக்குள் செம்பை விட்டு மொள்ளாமல், சிங்கத்தின் வாயில் பிடித்துக்கொண்டார்கள்.

சவுரியப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார். "தெரிஞ்சேதான் ஓட்ட போட்டீங்களா, தொட்டிக்காரரே?"

"பின்ன?" என்றேன்.