கண்ணாடி துடைத்த அம்மா

எங்கள் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த மாதம், குடும்பம் இதைத் தாங்குமா என்று பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. கேள்வி கேட்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் வீட்டை ஜோடித்திருந்தோம். சரியில்லாத குடும்பம் என்று நினைத்து வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். நாற்காலி பக்கத்து வீட்டுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் கணவர் அன்று குடிக்காமல், சலவைச் சட்டையோடு நின்றார்.

"ராத்திரி தூக்கம் வருதா?" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா அவரிடம் கேட்டார்.

கணவரின் முகம் கோணியது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அம்மா நிமிர்வதற்குள் கணவர் சிரித்துவிட்டார்.

"தூக்கத்துக்கு இன்னாமா, நல்லா வருது. நாங்க ஷோக்கா கீறோம்."

"தைரியமான குடும்பம். இங்க நான் அடிக்கடி வரணும்னு இல்ல."

காபியைக் குடித்துவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் குழந்தையின் வீடு புளியந்தோப்பில். அங்கே அந்த அம்மா எதிரிலேயே புருஷனும் பெண்டாட்டியும் கட்டிப் புரண்டு சண்டை போட்டார்களாம். அந்த வீட்டுக்கு வாராவாரம் போனார். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசினாராம்.

அவரைக் கெட்டவர் என்று இன்றும் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் காட்டியதை நம்பினார். ஆனால் கண்ணாடியைத் துடைக்க வேறு நேரமா கிடைக்கவில்லை?

மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, நாற்காலி போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கணவர் சொன்னார்:

"அந்தம்மா வந்த அன்னிக்கு நாமளும் அடிச்சிகினு இருந்திருக்கணும்மே."