ஆறாம் நாள் உச்சியில வந்த கல்லு வண்டி

“ஏலே கருத்தையா, வண்டியப் பின்னால எடு லே! எட்டுக் கல்லுக்கு மேல ஏத்தினா சீட்டு வேணும். இல்லேன்னா பாலத்துல ஏறாது.”

“சீட்டு வாங்க எம் பெஞ்சாதி விடியுமுன்னே பாளையங்கோட்டைக்குப் போயிட்டா அண்ணாச்சி. இந்தா வந்திருவா.”

“வரட்டும். அதுவரைக்கும் மாட்டுக்குத் தாலாட்டுப் பாடு.”

“உச்சிக்குள்ள கல்லு போய்ச் சேரலேன்னா மேஸ்திரி வேற வண்டிய வச்சிருவாரு. அப்புறம் எம் பொழப்பே போச்சு...”

பாலத்து வாசல்ல சேவகன் அப்பாத்துரையும் கல்லு வண்டிக்காரன் கருத்தையாவும் போட்ட சண்டை இது. பாலத்துச் சாவடிக்குள்ள உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். சீட்டுல முத்திரை குத்துத குமாஸ்தா நான். 1911, ஐப்பசி மாசம். சத்தியமா நடந்தது. ஒரு சொல்லு கூட்டிச் சொல்லல.

பாவமா இருந்துச்சு. சன்னல் வழியா நான்தான் சொன்னேன்.

“சட்டம் பாலத்துக்குத்தான்வே. ஆத்துக்கு இல்ல. வண்டித்துறையில இறங்கிப் போயிரும்.”

கும்பிட்டுட்டுப் போனான். மணி பதினொன்னு இருவது.

மலையில மழை பெஞ்சது எனக்குத் தெரியாது. நடு ஆத்துல வெள்ளம் வந்துட்டு. மாடு ரெண்டும் போச்சு. அவன் பொணம் சாயங்காலந்தான் கெடைச்சுது.

பதினொன்னு அம்பதுக்கு அவன் பெஞ்சாதி இசக்கித்தாய் ஓடி வந்தா. கையில சீட்டு.

“அவுக எங்க அண்ணாச்சி?”

என்னால ஆத்தப் பாக்கத்தான் முடிஞ்சது.

ஆறாம் நாள். அப்பாத்துரை சாப்பிடப் போயிருந்தான். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மணி சரியா பன்னெண்டு.

சன்னலுக்கு வெளிய ஒரு கல்லு வண்டி நிக்கி.

பார வண்டி வந்தா எம் மேசை அதிரும். அதிரல. மாட்டுக் கழுத்துல மணி ஆடுது... சத்தமில்ல.

சொட்... சொட்... அது மட்டும் கேக்கு.

ஒரு கை சீட்ட நீட்டுச்சு. விரலெல்லாம் வெளுத்து... ஊறி...

நான் நிமிரல.

முத்திரை குத்தி நீட்டினேன்.

வாங்கல...

நிமிந்தேன்.

ரோடு காஞ்சு கெடந்துச்சு.

சீட்டுல கருத்தையா பேரு இருந்துச்சு. சாயங்காலம் அத எடுத்துக்கிட்டு இசக்கித்தாய் வீட்டுக்குப் போனேன். பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா.

“இத அவுக மடியில முடிஞ்சுதான அண்ணாச்சி பொதைச்சோம்... போற எடத்துலயாவது யாரும் மறிக்கக் கூடாதுன்னு...”

குழியில போய்ப் பாத்தோம். மண்ணு கலையல.

சீட்டு இன்னைக்கும் எங்கிட்டதான் இருக்கு. அது இல்லாம அவன் எங்கன நிக்கானோ... அவன் கையில இத எப்படிச் சேக்க? தெரிஞ்சவங்க ரெண்டு வரி எனக்கு எழுதிப் போடுங்க.