பஸ் ஓட்டிய ஆமை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிணற்று மோட்டரின் கப்பாசிட்டரை மாற்றியது. பகல்தான், ஆனால் மோட்டர் இருந்த மூலை இருட்டு. அப்பா டோர்ச் பிடித்தார். நான் இரண்டாவது வயரை இறுக்கும்போது கேட்டார்:

"பிள்ளை, அந்த பஸ் ஓடினவர் உண்மையாவே ஆமையோ?"

எந்த பஸ் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. சிறு வயதில் பார்த்த கார்ட்டூன். சிரித்துவிட்டு, டோர்ச்சை ஆட்ட வேண்டாம் என்றேன். மோட்டர் ஓடியது. நான்காம் நாள் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கதிரையிலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் பெயர் அல்பிரட். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடும் என் அண்ணன் சுஜனோடும் தெற்கே வந்து முந்தல் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியேறினார். நான் இங்கே பிறந்தேன். இறால் பண்ணையில் இருபத்தாறு வருடம் மெஷின் திருத்தினார். சிங்களமும் அங்கேதான் பழகினார். அந்த நாளில் எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் சிங்களம் தெரியும்.

கார்ட்டூன் சிங்களத்தில், மாலை ஐந்தரைக்கு வரும். ஓர் ஆமை பஸ் ஓட்டும். பிரேக் கிடையாது. பயணிகள் எல்லாம் வாத்துகள். கண்டக்டர் ஓர் ஆடு. டிக்கெட்டைக் கொடுக்காமல் தின்றுவிடும். ஒவ்வொரு நாளும் பஸ் எதன் மேலாவது ஏறும்: கூரை, கப்பல், ஒருமுறை கலியாண கேக். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா அன்றைய கதையைத் தமிழில் சொல்வார். அவருடைய கதையில் ஆமையே இல்லை. 'டிரைவர் ஐயா' என்பார். ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், அதுதான் முனகி முனகிக் கதைக்கிறார் என்பார். பயணிகள் தடிமன் பிடித்து மூக்கடைத்த சனம். கண்டக்டர் வாயில் எந்த நேரமும் வெற்றிலை. அது ஆமை அப்பா, அது ஆடு அப்பா என்று நானும் அண்ணாவும் கத்துவோம். அவர் சோற்றைக் குழைத்தபடி, "அப்பிடியோ? நல்ல மனிசன்" என்பார். அதைவிடப் பெரிய பகிடி எங்களுக்கு இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபின், அப்பா டோர்ச்சோடு நின்று கேட்டதை அண்ணாவிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"அப்பா எங்கயடி அதைப் பார்த்தவர்? வெளியில அன்ரெனாக் கம்பைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டவர்."

அன்ரெனா கமுகங் கம்பில் இருந்தது. கச்சான் காற்றுக்குத் திரும்பிவிடும். படம் தெளிந்ததும் அப்பா அதைக் கட்டிவிட்டு வந்து என் பின்னால் வாசலில் நிற்கிறார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கார்ட்டூன் ஓடும்போது யார் திரும்பிப் பார்ப்பது? அண்ணா யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பான். அவனுக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ போய் அவரை இழுத்துக்கொண்டு வந்திருப்பாய். படம் போயிருக்கும்."

அப்படியானால் அப்பா பகிடி விடவில்லையா? யன்னலால் கேட்டதை வைத்துத்தான் கதை சொன்னாரா? எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

இணையத்தில் பதினொரு பாகங்கள் கிடைத்தன, அதே சிங்களக் குரல்களோடு. பார்த்தேன். இப்போது எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. சிரிப்பு வரவில்லை. பிறகு திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். வாத்துகள் மூக்கடைத்த சனம் போலத்தான் பேசின. ஆடு மெல்லுவது வெற்றிலை மெல்லுவதுதான். பதினொரு பாகத்திலும் டிரைவரை யாரும் ஆமை என்று சொல்லவில்லை.

ஆனால் நாங்கள் ஒவ்வொரு இரவும் கத்திச் சொன்னோமே. பிள்ளைகள் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தாரா? அல்லது முதல் வாரமே விளங்கி, எங்களுக்காகத் தொடர்ந்தாரா? டோர்ச்சோடு நின்று கேட்டது கேள்வியா? முடிவு எடுக்கப் போதுமான தகவல் இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"அவரை நான் எங்க கண்டுபிடிச்சனான்" என்றார். முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவர்.

நேற்று அப்பாவின் போன் அடித்தது. மதுரங்குளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹிஷாம் நானா. அவருக்குச் செய்தி தெரியாது. சொன்னேன். பிறகு, அப்பா ஒரு பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

"என்ட புள்ளையள் சின்னதுல பார்த்த கார்ட்டூன் ஒண்டு, பஸ் ஓடுற கார்ட்டூன், தேடிப் போட்டுத் தாங்க எண்டார் தங்கச்சி. ஏத்தி வெச்சி ஒரு மாசத்துக்கு மேல."

பஸ்ஸை யார் ஓட்டுவதாகச் சொன்னார் என்று கேட்டேன்.

"அது சொல்லல்லயே."

பென் டிரைவ் கடை மேசை லாச்சிக்குள் இருக்கிறது. வியாழக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தாராம். அப்பா இறந்தது புதன்.