வள்ளம் காலியாகும் வரை

பெரியதாழை வேதக் கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் நேராகக் கடலுக்குப் போகிறார்கள். பூசை ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு. சண்டைக் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் தேடிக் குண்டு விமானம் ஓட்டிவந்தவன், ஒருநாள் விமானத்தோடு கடலில் போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. கடலில் மாலை விடுவார்கள் என்று நினைத்து, சலவைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக நானும் வள்ளத்தில் ஏறிக்கொள்கிறேன்.

"நல்ல பையனோ?" என்று வள்ளக்காரர் சந்தியாகுவிடம் கேட்கிறேன்.

"நல்லவனா! வள்ளத்தக் கண்டா ஏரோப்ளேன தலைய உரசுத மாதிரி ஓட்டிட்டு வருவான் அண்ணாச்சி. நாங்க அலறியடிச்சுத் தண்ணில குதிப்போம். ஒருத்தன் மிச்சமிருந்தாலும் விடமாட்டான், வள்ளம் காலியாகுற வரைக்கும் சுத்திச் சுத்தி வருவான். அவன ஏசாத நாள் கிடையாது."

"பிறகு எதற்குப் பூசை?"

"இப்ப ஏசுததுக்கு ஆளில்லையே."

கரை சிறுத்ததும் பாயை இறக்குகிறார்கள். ஜெபம் தொடங்கப்போகிறது என்று நான் கண்ணை மூடுகிறேன்.

"ஏலே, வாரான்லே!" என்று கத்துகிறார் சந்தியாகு.

அத்தனை பேரும் தொபுக்கென்று கடலில் குதிக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்க்கிறேன். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. தண்ணீரில் மிதக்கும் தலைகள் மேலே பார்த்து வாய் நிறைய ஏசுகின்றன, சிரிக்கின்றன.

தனியாக நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிக்கப் போகிறேன்.

"குதிச்சிராதிய அண்ணாச்சி!" என்று சந்தியாகு பதறுகிறார். "நீங்க இருந்தாத்தான அவன் இன்னொரு சுத்து வருவான்!"

நான் பாய்மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.